நார்த்தாவை மீட்டுக் கொடுங்கள்

அல்பேனிய நாடாளுமன்றம் 2024 பிப்ரவரியில், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கான சட்டத்தைத் திருத்தியது. அதுவரை அந்தச் சட்டம் எதைத் தடுத்து வந்ததோ அதற்கே இந்தத் திருத்தம் வழிவிட்டது. இனி அந்த நாட்டின் காயல்களிலும் கழிமுகங்களிலும் ஐந்து நட்சத்திர விடுதிகள் கட்ட அனுமதி வழங்கலாம். வேலியே பயிரை மேயத் தொடங்கிவிட்டது. வேலியை மேயவிட்டவர்கள், வேலி போட வேண்டிய பொறுப்பில் இருந்தவர்கள். இந்தத் திருத்தத்தையும், இதற்கு முன்னும் பின்னும் வியோசா ஆற்றின் கழிமுகத்தில் நடந்துவரும் அத்துமீறல்களையும் வன்மையாகக் கண்டிக்கிறோம். அல்பேனிய அரசு இவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவின் ஒரு மூலையில் இருக்கும் சிறிய நாட்டின் சட்டத் திருத்தம் தமிழ் வாசகருக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். பறவை பார்ப்பதற்காகப் பயணம் போகும் தமிழர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு நார்த்தா காயலின் பூநாரைகளை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. இரண்டு இடங்களிலும் நிற்பது ஒரே இனம். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. வலசைப் பறவைகளின் வாழ்விடத்தை அழிக்க எந்த ஓர் அரசுக்கும் தனி உரிமை கிடையாது. ஒரு நாட்டில் முட்டையிட்டு, இன்னொரு நாட்டில் இளைப்பாறி, மூன்றாவது நாட்டில் குளிர்காலம் கழிக்கும் உயிர் எந்த நாட்டின் சொத்தும் அல்ல. நடுவழியில் இருக்கும் நாடு, மற்ற நாடுகள் நம்பி ஒப்படைத்ததைக் காத்து நிற்கும் நாடு.

நார்த்தா எப்படிப்பட்ட இடம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அல்பேனியாவின் தென்மேற்கில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், வ்லோரா நகருக்கு வடக்கே இருக்கிறது இந்தக் காயல். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதன்மேல் பைன் மரங்கள். காயலை ஒட்டி உப்பளங்கள். சற்று வடக்கே வியோசா ஆறு கடலில் கலக்கிறது. ஆறு, காயல், உப்பளம், மணல்மேடு, சேற்றுவெளி, கடல் என்று ஆறுவகை நிலங்கள் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்த இடம் இது. அதனால்தான் 200-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. 2004-இல் அல்பேனிய அரசே இதை வியோசா-நார்த்தா பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி என்று அறிவித்தது.

ஏப்ரல், மே மாதங்களில் உப்பளக் கரைகளில் நடந்தால் நெடுங்கால் உள்ளான்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். பக்கத்தில் எங்கோ அவற்றின் கூடு இருக்கிறது என்று பொருள். மேல்நோக்கி வளைந்த அலகால் நீரை இடமும் வலமும் அரித்துத் தின்னும் அவோசெட்டுகள் ஆழம் குறைந்த பாத்திகளில் மேயும். வெறும் மணலில், பார்வைக்குத் தெரியாத சிறு குழியில், உப்புக்கொத்தியும் சிறு ஆலாவும் முட்டையிடும். காயலின் நடுவே பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகின் சல்லடையில் சேற்று நீரை வடிகட்டிக்கொண்டிருக்கும். காயலிலுள்ள ஸ்வெர்னெட்ஸ் தீவில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பழைய கன்னி மரியா மடாலயம் இருக்கிறது. அங்கே போகும் நீண்ட மரப்பாலத்தில் நின்றபடியே இதில் பாதியைப் பார்த்துவிடலாம். மறைவிடமும் நுழைவுச்சீட்டும் தேவைப்படாமல், கரையில் சும்மா நிற்பவருக்கே இவ்வளவும் காணக் கிடைக்கும் இடங்கள் மத்தியதரைக் கடலோரத்தில் குறைந்துகொண்டே வருகின்றன.

இவ்வளவு பறவைகள் இங்கே கூடுவதற்குக் காரணம் புவியியல். வட ஐரோப்பாவிலும் நடு ஐரோப்பாவிலும் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் பால்கன் தீபகற்பத்தின் வழியாகவும் ஏட்ரியாட்டிக் கடலைக் கடந்தும் வட ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. ஏட்ரியாட்டிக் வலசைப் பாதை என்று பறவையியலாளர்கள் குறிப்பிடுவது இந்த வழியைத்தான். இந்தப் பாதையின் கிழக்குக் கரை பெரும்பாலும் செங்குத்தான பாறைக் கரை. சமதளமும் சேறும் ஆழம் குறைந்த நீரும் சேர்ந்து கிடைப்பது சில இடங்களில்தான். கடலைக் கடந்து களைத்துவரும் பறவை இறங்கி இரைதேடி உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஓர் இடம் இல்லாமல் போனால் இன்னும் முந்நூறு கிலோமீட்டர் பறக்க அதற்குத் தெம்பு இருக்காது.

அல்பேனியக் கடலோரம் ஏற்கெனவே பெரும் இழப்பைக் கண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிச ஆட்சி, மலேரியாவை ஒழிக்கவும் விளைநிலம் பெருக்கவும் துர்ரெஸ், தெர்பூஃப் போன்ற பெரிய சதுப்பு நிலங்களை வடித்து உலர்த்தியது. எஞ்சியவற்றில் முதன்மையானவை வடக்கே கரவாஸ்தா காயலும் தெற்கே நார்த்தாவும். கரவாஸ்தா 1995-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றது. டால்மேசியக் கூழைக்கடா அல்பேனியாவில் கூடுகட்டும் ஒரே இடம் அது. அந்தக் கூழைக்கடாக்கள் இரைதேடி ஒரு காயலிலிருந்து இன்னொரு காயலுக்குப் பறந்து போய்வருபவை. ஒன்றைக் காப்பாற்றி மற்றொன்றைக் கைவிடலாம் என்பது வரைபடத்தில் மட்டுமே சாத்தியம். எஞ்சியதன் மீது கை வைக்கும்போது, ஏற்கெனவே இழந்ததன் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அல்பேனிய அரசு அதைப் பார்க்கவில்லை.

முதல் குற்றச்சாட்டு வ்லோரா பன்னாட்டு விமான நிலையம். 2021 நவம்பரில் இதன் கட்டுமானம் தொடங்கியது. இடம், பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் அடங்கிய அகெர்னி. நார்த்தா காயல் ஒருபுறமும் வியோசா கழிமுகம் மறுபுறமும் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஓடுபாதை போடப்பட்டது. பறவைகள் நாள்தோறும் இரைதேடி ஆற்றுக்கும் காயலுக்கும் மாறிமாறிப் பறக்கும் வெளி அது. நாடு முழுவதும் தேடியிருந்தாலும் பறவைகளுக்கு இதைவிடக் கேடான இடம் கிடைத்திருக்காது.

‘அங்கே முன்பே ஒரு பழைய ராணுவ விமானத்தளம் இருந்தது, புதிதாக எதையும் கெடுக்கவில்லை’ என்கிறது அரசு. இந்த வாதத்தை ஏற்பதற்கில்லை. கைவிடப்பட்டுப் புல் முளைத்துக் கிடந்த ஒரு தளமும், பெரிய ஜெட் விமானங்கள் இரவும் பகலும் ஏறி இறங்கும் பன்னாட்டு நிலையமும் ஒன்றாகிவிடுமா? ஒலி, ஒளி, எரிபொருள் கிடங்கு, அணுகுசாலை, அதைத் தொடர்ந்து முளைக்கும் கடைகளும் விடுதிகளும் அந்தப் பழைய தளத்தில் இருந்தனவா? 2004-இல் அல்பேனிய அரசு இதே நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் சேர்த்தபோதும் அந்தத் தளம் அங்கேதான் கிடந்தது. அது தெரிந்துதான் சேர்த்தார்கள். அன்று தடையாகத் தெரியாதது இன்று சாக்காகிவிட்டது.

ஐரோப்பிய வனவுயிர்களையும் வாழ்விடங்களையும் காப்பதற்கான 1979-ஆம் ஆண்டு பெர்ன் ஒப்பந்தத்தில் அல்பேனியா கையெழுத்திட்ட நாடு. அதன் நிலைக்குழு இந்த விமான நிலையம் குறித்த முறையீட்டை எடுத்து விசாரித்தது. நேரில் ஆய்வும் நடந்தது. 2023-இல், முறையான சுற்றுச்சூழல் மதிப்பீடு முடியும்வரை கட்டுமானத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கட்டுமானம் நிற்கவில்லை. தானே கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் குழு சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத அரசு, நாளை வேறெந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

இது பறவைகளின் உயிரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பெரும் பூநாரை ஒன்று இரண்டு முதல் நான்கு கிலோ எடை இருக்கும். டால்மேசியக் கூழைக்கடா பத்து கிலோவையும் தாண்டும். இறக்கை விரித்தால் ஏறக்குறைய 3 மீட்டர். ஏறும்போதோ இறங்கும்போதோ அப்படியொரு பறவை விமான எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பறவைகளை ஈர்க்கும் இடங்களைக் கவனிக்க வேண்டும் என்று பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. இங்கே அந்த வட்டத்தின் நடுவிலேயே காயல் இருக்கிறது.

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் நிலையத்தில் ஜேஜு ஏர் விமானம் பறவைகளில் மோதியது. பின்னர் சக்கரம் இறங்காமலேயே தரையைத் தொட்டு, ஓடுபாதை முடிவிலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் இறந்தார்கள். இரண்டு எஞ்சின்களிலும் வலசை வாத்துகளின் எச்சங்கள் கிடைத்தன. அந்த நிலையமும் ஈரநிலங்களுக்கு அருகில் கட்டப்பட்டதுதான். அதே நாட்டில் சேமாங்கும் சேற்றுவெளியில் திட்டமிடப்பட்ட இன்னொரு விமான நிலையத்தின் திட்டத்தை 2025 செப்டம்பரில் சியோல் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பறவை மோதும் அபாயத்தைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. போர்ச்சுகலில் தேஜோ கழிமுகத்தை ஒட்டிய மோன்டிஜோ விமான நிலையத் திட்டமும் ஆண்டுக்கணக்கான எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டு, 2024-இல் வேறு இடம் தேர்வானது. மற்ற நாடுகள் பட்டும் படித்தும் தெரிந்துகொண்ட பாடத்தை அல்பேனியா ஏன் கண்ணை மூடிக்கொண்டு புறக்கணிக்க வேண்டும்?

விமானங்களைக் காக்க வேண்டுமானால் பறவைகளை விரட்ட வேண்டும். வேட்டு வெடிப்பார்கள், ஒலிபெருக்கி வைப்பார்கள், நீர்நிலைகளை வற்றச் செய்யவும் ஒருநாள் யோசிப்பார்கள். பயணிகளின் உயிரா, பறவைகளின் வாழ்விடமா என்று அப்போது கேட்கப்படும். அந்தக் கேள்வி எழும் நாளில் விடை தெரிந்ததே. அதனால்தான் நிலையத்தை அங்கே வைத்ததே தவறு என்கிறோம். பின்னால் எந்தப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தாலும் இந்த முதல் பிழை சரியாகிவிடாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, தொடக்கத்தில் சொன்ன சட்டத் திருத்தம். அது நிறைவேறிய அடுத்த மாதமே, அமெரிக்க முதலீட்டாளர் ஜேரட் குஷ்னர், ஸ்வெர்னெட்ஸ் பகுதியிலும் எதிரேயுள்ள சசான் தீவிலும் தன் அஃபினிட்டி பார்ட்னர்ஸ் நிறுவனம் எழுப்ப விரும்பும் சொகுசு விடுதிகளின் வரைபடங்களை வெளியிட்டார். சசான் கம்யூனிசக் காலத்தில் ராணுவம் மட்டுமே கால்வைத்த தீவு. பூட்டிவைத்ததாலேயே இயற்கை தப்பிப் பிழைத்த இடம். 2024 முடியும் தறுவாயில் அந்தத் தீவுத் திட்டத்துக்கு ‘உத்திசார் முதலீட்டாளர்’ தகுதியை அல்பேனிய அரசு வழங்கியது. சட்டத்தை யாருக்காகத் திருத்தினார்கள் என்று நாட்டு மக்கள் கேட்கிறார்கள். நேர்மையான விடை சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.

சொகுசு விடுதி வந்தால் என்ன கெட்டுவிடும், பக்கத்திலேயே பறவைகளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். உப்புக்கொத்தியும் சிறு ஆலாவும் வெறும் மணலில் முட்டையிடுபவை. அவற்றின் இனப்பெருக்கக் காலம் ஏப்ரல் முதல் ஜூலை வரை; கடற்கரையில் கூட்டம் சேரத் தொடங்கும் மாதங்களும் அவைதான். கரையில் ஆள்நடமாட்டம் இருந்தால் தாய்ப்பறவை முட்டையைவிட்டு எழுந்துவிடும். வெயிலில் சிறிது நேரம் திறந்து கிடந்தாலே முட்டைக்குள் கரு வெந்துபோகும். மணலைச் சமன்படுத்தும் ஓர் இயந்திரம் ஒரு காலையில் ஒரு பருவத்தின் முட்டைகள் அனைத்தையும் நசுக்கிவிடும். கரையேறி முட்டையிட வரும் பெருந்தலை ஆமைக்கும், முட்டையிலிருந்து வெளிவந்து நீரைத் தேடும் அதன் குஞ்சுகளுக்கும் விடுதி விளக்குகள் திசை தவறச் செய்யும் பொறி. படகுத்துறையும் நீர்விளையாட்டும் வந்தால் காயலின் அமைதி போய்விடும். இயற்கை அழகைக் காட்டி அறையை விற்பவர்கள், அறை கட்டிய கையோடு அந்த அழகை அழித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு எல்லைக்கோடு பற்றியது. கிரேக்க மலைகளில் பிறந்து, பெரும்பாலும் அணையால் தடுக்கப்படாமல் 270 கிலோமீட்டர் அளவுக்கு ஓடிவரும் வியோசாவை, 2023 மார்ச் 15 அன்று அல்பேனிய அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஐரோப்பாவின் முதல் காட்டாற்றுத் தேசியப் பூங்கா என்று உலகமே பாராட்டியது. நாமும் பாராட்டுகிறோம், மனப்பூர்வமாகப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பூங்காவின் எல்லை கழிமுகத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. மலையிலிருந்து வரும் மணலும் வண்டலும் கடலோரத்தில் படிந்துதான் கழிமுகமே உருவாகிறது. ஆற்றைக் காப்பதாகச் சொல்லி, அந்த ஆறு கட்டியெழுப்பிய நிலத்தைக் கட்டுமானத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காரணம், விமான நிலையமும் விடுதிகளும் வரவிருக்கும் இடம் அதுதான்.

வியோசாவின் வரலாறே இந்த அரசுக்கு எதிரான சாட்சி. போச்செம் என்ற இடத்தில் அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டபோது கிராம மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் நீதிமன்றம் போனார்கள். 2017 மே மாதத்தில் தலைநகர் டிரானாவின் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து ஆறே ஆண்டுகளில் அணை வரவேண்டிய ஆறு தேசியப் பூங்காவானது. தவறிலிருந்து திரும்பிவர அல்பேனியாவுக்குத் தெரியும்; திரும்பி வந்ததற்காக உலகம் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் செய்தது. ஆற்றுக்குச் செய்ததைக் கழிமுகத்துக்குச் செய்ய ஏன் தயங்க வேண்டும்?

வேட்டைத் தடையிலும் இதே அரைகுறைதான். ஒருகாலத்தில் இத்தாலியிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வேட்டைக்காரர்கள் அல்பேனியாவுக்குப் பயணம் வந்து, வலசைப் பறவைகளைக் கணக்கின்றிச் சுட்டுக்கொண்டு போனார்கள். 2014-இல் அரசு இரண்டு ஆண்டுகளுக்கு முழு வேட்டைத் தடை விதித்தது; 2016-இல் அதை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது; பின்னரும் நீட்டித்தது. ஐரோப்பாவில் வேறெந்த அரசும் எளிதில் துணியாத நடவடிக்கை அது. ஆனால் தடையைக் காக்க வேண்டிய ஆட்களும் வண்டிகளும் போதாததால் கள்ளத்துப்பாக்கிகள் ஓயவில்லை. பதப்படுத்திய பறவை உடல்கள் உணவகங்களை அலங்கரிப்பதை அங்குள்ள இயற்கைப் பாதுகாப்பாளர்கள் மீண்டும் மீண்டும் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். சட்டம் எழுதுவதில் காட்டிய துணிவைச் சட்டத்தைக் காப்பதிலும் காட்ட வேண்டும்.

அரசின் பக்கத்து வாதம் ஒன்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. அல்பேனியா செல்வந்த நாடல்ல. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 24 லட்சம்தான். இளைஞர்கள் வேலை தேடி இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் கிரேக்கத்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஊரில் வேலை வேண்டும், வருமானம் வேண்டும் என்று கேட்கும் தாய் தந்தையரின் குரல் நியாயமான குரல். ஆனால் அதே 2023-இல் அந்த நாட்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். வ்லோரா விமான நிலையமும் கழிமுக விடுதியும் இல்லாமலேயே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜூலை, ஆகஸ்டில் கடற்கரையை நிறைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். செப்டம்பர் கழிந்தால் கடலோர ஊர்களில் விடுதி ஊழியருக்கு வேலை இல்லை. அந்த நாட்டுச் சுற்றுலாவின் உண்மையான குறை இது. இன்னும் ஒரு கடற்கரை விடுதி கட்டினால் இந்தக் குறை தீராது, கூடவே செய்யும்.

பறவை பார்க்க வருபவர் ஏப்ரலில் வருவார், அக்டோபரில் வருவார், நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் ஜனவரிக் குளிரிலும் வருவார். அவருக்குப் பளிங்குக் குளியலறை வேண்டாம். விடியுமுன் கதவைத் திறந்து காபி தரும் ஒரு வீட்டு விடுதி, காயலின் ஒவ்வொரு மடையும் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர், பிடித்த மீனை அன்றே சமைத்துத் தரும் ஒரு குடும்ப உணவகம் போதும். அவர் செலவிடும் பணம் ஊரிலேயே தங்கும். கரவாஸ்தாவை ஒட்டிய திவ்யாக்கா பூங்காவில் இதை இன்றே பார்க்கலாம். பார்வைக் கோபுரமும் நடைபாதையும் அமைத்தபின் அந்தச் சிற்றூரின் பெயரே கூழைக்கடாவோடு சேர்ந்து அறியப்படுகிறது. நார்த்தாவின் கரைகளில் உப்பு எடுப்பவர்களும், கடலையும் காயலையும் இணைக்கும் கால்வாய்களில் மீன் பிடிப்பவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளோடு சேர்ந்து பிழைத்தவர்கள். அவர்கள் பிழைப்பைப் பறித்துவிட்டு, அவர்கள் பிள்ளைகளுக்குச் சொகுசு விடுதியில் அறை துடைக்கும் வேலை தருவதற்கு வளர்ச்சி என்று பெயர் சூட்டக்கூடாது.

கண்டனத்துக்கு உரியவர்கள் டிரானாவில் மட்டும் இல்லை. அல்பேனியா 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினராகக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு. 2022-இல் சேர்க்கைப் பேச்சு தொடங்கியது. விமான நிலையம் நாட்டுச் சட்டத்துக்கும் பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கும் முரணானது என்று ஐரோப்பிய ஆணையத்தின் ஆண்டறிக்கை எழுதியது. சட்டத் திருத்தம் குறித்தும் கவலை தெரிவித்தது. கவலை தெரிவித்ததோடு நின்றுவிட்டால் என்ன பயன்? சேர்க்கைப் பேச்சின் சுற்றுச்சூழல் அத்தியாயத்தில் ஒரு நாடு தேர்ச்சி பெற்றதா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. அரசியல் வசதிக்காக அதைப் பயன்படுத்தாமல் விட்டால், நார்த்தாவின் அழிவில் ஒன்றியத்துக்கும் பங்கு உண்டு.

அதேபோல், பூநாரைப் படத்தைப் போட்டு அல்பேனியப் பயணம் விற்கும் சுற்றுலா நிறுவனங்களும் பதில் சொல்ல வேண்டும். எந்தக் காயலைக் காட்டிக் காசு பார்க்கிறார்களோ அந்தக் காயலுக்காக ஒரு கடிதமாவது எழுதினார்களா? பறவை ஆர்வலர்களான நமக்கும் கடமை உண்டு. புதிய இனம் ஒன்றைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவது போதாது. அல்பேனிய இயற்கைச் சூழல் பாதுகாப்புச் சங்கமும் அல்பேனியப் பறவையியல் கழகமும் மிகச் சிறிய ஆள்பலத்தோடு இந்தப் போராட்டத்தை நடத்துகின்றன. அங்கே போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்ளட்டும்; பார்த்த பறவைகளின் கணக்கை அந்த அமைப்புகளுக்குக் கொடுக்கட்டும்; கழிமுகத்துக்குள் கட்டப்படும் எந்த விடுதியிலும் தங்க மறுக்கட்டும்.

காலம் தாழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டாம். கீழ்நோக்கி வளைந்த மெல்லிய அலகு கொண்ட ‘ஸ்லெண்டர்-பில்ட் கர்லூ’ என்ற கரைப்பறவை சைபீரியாவிலிருந்து வந்து மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள சதுப்புகளில் குளிர்காலம் கழித்தது. வேட்டையும் ஈரநில இழப்பும் அதை விரட்டின. 1995-இல் மொராக்கோவின் ஒரு காயலில் அது உறுதியாகக் காணப்பட்டது; அதன் பின் இல்லை. 2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அற்றுப்போன இனம் என்று அறிவித்தது. அதற்கு ஒரே ஒரு பெரிய எதிரி இருந்ததில்லை. இந்த ஊரில் ஒரு சதுப்பை வடித்தார்கள், அந்த ஊரில் ஒரு கரையைக் கட்டினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பங்கு சிறியது என்றார்கள். சிறிய பங்குகள் சேர்ந்துதான் ஓர் இனம் முடிந்தது.

திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. அல்பேனியாவின் அண்டை நாடான மாண்டினீக்ரோவில், எல்லைக்கு அருகே, உல்ட்சின் உப்பளம் இருக்கிறது. தனியார் கைக்குப் போய், உப்பு உற்பத்தி 2013-இல் நின்று, விடுதிகளும் கோல்ஃப் மைதானமும் கட்டும் பேச்சு எழுந்தது. உள்ளூர் மக்களும் பறவை ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2019-இல் மாண்டினீக்ரோ அதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. அதே ஆண்டு ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பக்கத்து நாட்டால் முடிந்தது அல்பேனியாவால் முடியாதா?

எனவே பின்வருவனவற்றைக் கோருகிறோம்.

ஒன்று: 2024-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் ரத்து செய்ய வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் விடுதி கட்டும் வாய்ப்பு எந்தப் பெயரிலும், எத்தனை நட்சத்திரத்துக்கும் இருக்கக்கூடாது.

இரண்டு: பெர்ன் ஒப்பந்தக் குழுவின் பரிந்துரையை ஏற்று, விமான நிலையம் தொடர்பான எல்லா வேலைகளையும் நிறுத்தி, சார்பற்ற வல்லுநர்களைக் கொண்டு மதிப்பீடு நடத்தி, அதன் முடிவை மக்கள் முன் வைக்க வேண்டும். அந்த முடிவு ஓடுபாதையை மூடச் சொன்னால் மூட வேண்டும். செலவழித்துவிட்டோம் என்பது, தவறான இடத்தில் பறவைகளையும் பயணிகளையும் பணயம் வைப்பதற்குக் காரணம் ஆகாது.

மூன்று: ஸ்வெர்னெட்ஸிலும் கழிமுகத்திலும் எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி தரக்கூடாது. தந்திருந்தால் திரும்பப் பெற வேண்டும். முதலீட்டாளர்களோடு செய்துகொண்ட உடன்பாடுகள் முழுவதையும் வெளியிட வேண்டும்.

நான்கு: வியோசா தேசியப் பூங்காவின் எல்லையைக் கடல்வரை நீட்டி, கழிமுகத்தையும் நார்த்தா காயலையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியின் எல்லைகளில் மாற்றம் செய்திருந்தால் அதற்கான அறிவியல் காரணத்தைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பழைய எல்லைக்கே திரும்ப வேண்டும்.

ஐந்து: வேட்டைத் தடையைக் காக்கத் தேவையான காவலர்களையும் வாகனங்களையும் நிதியையும் தர வேண்டும். பிடிபடுபவர் யாராக இருந்தாலும் தண்டனை உறுதியாக இருக்க வேண்டும்.

இவை எதுவும் அல்பேனியாவின் சக்திக்கு மீறியவை அல்ல. ஆற்றைக் காத்த அரசால் அதன் கழிமுகத்தையும் காக்க முடியும். துப்பாக்கிகளைத் தடுக்கத் துணிந்த அரசால் புல்டோசர்களையும் தடுக்க முடியும். 2013 முதல் பிரதமராக இருக்கும் எடி ராமாவுக்கு இந்த முடிவுகளை எடுக்கும் பெரும்பான்மையும் அதிகாரமும் இருக்கின்றன. அதிகாரம் இருந்தும் செய்யாமல் விட்டால் அதை இயலாமை என்று யாரும் ஏற்க மாட்டார்கள். சட்டத் திருத்தத்தை நீக்கும் மசோதாவை அரசே முன்வந்து நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்யும்வரை, பறவைகளைக் காட்டி உலகத்தை விருந்துக்கு அழைக்கும் தகுதி அல்பேனிய அரசுக்குக் கிடையாது.